சுவருக்கும் மூச்சு வேண்டும்

(கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துராவில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில், வீட்டைத் தம் கையாலேயே அழகு செய்துகொள்ள விரும்புவோருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தவர்கள் கொடுத்த தலைப்பு வீட்டு அலங்காரம். தலைப்பைக் கேட்டதும் பாதிப் பேர் வரமாட்டார்கள், "ஒழுகுற கூரைக்கு என்ன அலங்காரம்" என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவர்கள்தான் வந்திருக்கிறீர்கள் என்று முகங்களைப் பார்த்தால் தெரிகிறது. நல்லது. அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். 1956 நவம்பர் 1 வரைக்கும் நீங்களும் நாங்களும் ஒரே மாநிலம். அதனால் இங்கே விருந்தாளி என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் கூச்சம். கைத்தொழில் வாத்தியாராக வேலை பார்த்தவன். வாலிப வயதில் சில வருஷம் இந்த வித்துராவில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். அப்போது செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

அறையின் மேற்குச் சுவரில் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்துகொண்டே இருந்தது. படுத்தால் தலையில் விழும். திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் ஒரு கடையில் செங்கல் படம் போட்ட பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் தொங்குவதைப் பார்த்தேன். சுருளாக வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, குமிழி இல்லாமல் துணியால் நீவி நீவி ஒட்டினேன். சாயங்காலம் பார்த்தால் சினிமா செட் மாதிரி இருந்தது. நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது மே மாதம்.

ஜூனில் எடவப்பாதி மழை இறங்கியது. ஜூலையில் அறைக்குள் ஒரு வாடை. ஆகஸ்டில் தாளின் கீழ் விளிம்பு தானாகச் சுருண்டு வந்தது. பிடித்து இழுத்தேன். உள்ளே சுவர் முழுக்கக் கறுப்புப் பூசணம், நடுநடுவே வெள்ளை உப்பு பூத்து, கையை வைத்தால் களி மாதிரி ஒட்டியது. வீட்டுக்கார அம்மாவைச் சேச்சி என்றுதான் கூப்பிடுவேன். வந்து பார்த்தவர் திட்டவில்லை. "சாரே, சுவரும் ஸ்வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டு, திண்ணையில் கிடந்த தேங்காய் உரிக்கப் போய்விட்டார். அந்த ஒரு வரிதான் இன்றைக்கு என் பேச்சு. மீதியெல்லாம் அதற்கு உரை.

இந்த ஊரில் மழை இரண்டு தடவை வருகிறது. ஜூன் தொடங்கி ஒன்று, ஐப்பசியில் துலாவர்ஷம் இன்னொன்று. நடுவிலும் மலையோரம் என்பதால் சாயங்கால மழைக்குப் பஞ்சமில்லை. மண்ணிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறும். நம் பக்கத்தில் இதற்கு ஓதம் என்று பெயர். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் செங்கல்லும் வெட்டுக்கல்லும் தண்ணீரை உறிஞ்சி மேலே கொண்டுபோகும். ஏறிய ஈரம் சுவரின் முகம் வழியாக வெளியே போகவேண்டும். போகும்போது சுவருக்குள் இருக்கும் உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். சுவரின் முகம்தான் ஈரத்துக்கு வாசல்; அதை அடைத்துவிட்டால் பின்னால் தேங்கும். நாம் பட்டி பார்த்து, பளபளவென்று பெயின்ட் அடித்து, மேலே ஸ்டிக்கர் ஒட்டினால் அந்த வாசலைத்தான் அடைக்கிறோம். இரண்டே மழைக்காலத்தில் பெயின்ட் கொப்பளித்து அப்பளமாக உரிந்து வரும். பெயின்ட் கம்பெனியைத் திட்டுவோம்.

அதனால் முதல் வேலைக்குக் காசே வேண்டாம். அரிசி வாங்கிய பிளாஸ்டிக் பையில் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக வெட்டுங்கள். சந்தேகப்படும் சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் வைத்து ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். சுவர்ப் பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் கோத்திருந்தால் சுவர் மேல் குற்றமில்லை. சமையல் ஆவி, ஈரத்துணி, திறக்காத ஜன்னல்தான் காரணம். முதல் நிலைக்கு மருந்து வேறு, இரண்டாம் நிலைக்கு மருந்து வேறு. இரண்டாவதற்கு ஜன்னலைத் திறந்து, அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போட்டாலே பாதி தீரும். முதலாவதற்கு வெளியே போய்ப் பார்க்கவேண்டும். இறவாரத்துத் தண்ணீர் எங்கே விழுகிறது, சுவரடியில் மண் குவிந்திருக்கிறதா, குளியலறைக் குழாய் கசிகிறதா என்று. சுவரடி மண்ணை மண்வெட்டியால் இழுத்து வெளிப்பக்கம் சரிவு கொடுத்தால், அரை நாள் வேலைதான், அடுத்த மழைக்கு உள்ளே வித்தியாசம் தெரியும். மண்வெட்டி பிடிப்பதை அலங்காரம் என்று எந்தப் பத்திரிகையும் எழுதாது. நான் சொல்கிறேன், அதுதான் முதல் அலங்காரம்.

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு வீட்டைப் பற்றிப் பேசும் யாரும் ஒருவர் பெயரைச் சொல்லாமல் இறங்க முடியாது. லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1945-இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். கேரளத்து டாக்டர் எலிசபெத் அம்மாவைக் கல்யாணம் செய்து, இமயமலைப் பக்கம் பித்தோராகட்டில் பதினாறு வருஷம், பிறகு வாகமண், கடைசியில் திருவனந்தபுரம். பின்னாளில் இந்தியக் குடியுரிமை, 1990-இல் பத்மஸ்ரீ, 2007-இல் தொண்ணூறாவது வயதில் நாலாஞ்சிறையில் தாமே கட்டிய வீட்டில் காலமானார். தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இந்தியன் காபி ஹவுசில் சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டே காபி குடித்திருப்பீர்கள். அது அவர் கட்டியது. உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையக் கட்டடமும் அவருடையது. சுட்ட செங்கல்லில் இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்களைத் திருவனந்தபுரத்தில் எங்கே பார்த்தாலும் அவருடைய வழி வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். காற்றும் வரும், வெளிச்சமும் துண்டு துண்டாகத் தரையில் விழும், தனியாக ஒரு அலங்காரமும் தேவைப்படாது.

அவர் காந்தியைப் பம்பாயில் சந்தித்த கதை சுவையானது. சீனாவில் பணிசெய்துவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது நடந்தது. பேக்கர் காலில் துணித்துண்டுகளால் தைத்த காலணி. காந்தியின் கண் முதலில் அதன் மேல் போனதாம். கிராமத்து வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளால் கட்டவேண்டும் என்று காந்தி சொன்ன கருத்தைப் பேக்கர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் வீட்டுச் சுவரில் பழைய வண்ணப் பாட்டில்களைப் பதித்து, வெயில் வரும்போது சிவப்பும் பச்சையுமாகத் தரையில் விழவைத்தவர். இதையெல்லாம் கட்டடக் கலை என்று படிப்பார்கள். எனக்கு அது ஒரு வீட்டுக்காரரின் கைவேலையாகத்தான் தெரிகிறது.

ஐந்து மைல் என்றால் எட்டு கிலோமீட்டர். வித்துரா சந்தையில் நின்றுகொண்டு எட்டு கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். தென்னை, கமுகு, ரப்பர், ஈற்றை மூங்கில், பலா, அயனி, வெட்டுக்கல், பழைய ஓடு. கல்லாறும் வட்டத்துக்குள் வரும். ஆனால் ஆற்று உருளைக்கல்லைப் பொறுக்கி வரச் சொல்லமாட்டேன். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே அங்கே மலைவெள்ளம் இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. காட்டுக்குள்ளிருந்து எதையும் எடுத்து வரவும் வேண்டாம். இங்குள்ள பேப்பாறைக் காடு 1983 முதல் வனவிலங்குச் சரணாலயம். ஈற்றை வேண்டுமென்றால் மலைவாழ் காணிக்காரர்கள் முடைந்து கொண்டுவரும் வட்டிக்கூடையையும் முறத்தையும் விலை பேசாமல் வாங்குங்கள். அவர்கள் கையின் வேகம் நமக்கு வராது.

இனி சுண்ணாம்பு. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு அடித்த சுவர் மூச்சு விடும். ஈரத்தை வெளியே விட்டுவிடும். காரம் அதிகம் என்பதால் புதிதாக அடித்த சுவரில் பூசணம் சுலபத்தில் பிடிக்காது. விலையும் குறைவு. இவ்வளவு நல்லதை நாம் ஏன் விட்டோம்? சட்டையில் ஒட்டுகிறது என்பதால் விட்டோம். சட்டையில் ஒட்டாமல் அடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள் என்பது உண்மையான காரணம்.

நீறாத சுண்ணாம்புக் கட்டியோ சுட்ட சிப்பியோ வாங்கினால், இரும்பு டிரம்மிலோ மண் தொட்டியிலோ முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகும். பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள். கண்ணாடி போடுங்கள். கண்ணில் ஒரு துளி விழுந்தாலும் விளையாட்டு இல்லை; உடனே நிறையத் தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பயமாக இருந்தால் நீற்றிய பொடியாகவே மூட்டையில் கிடைக்கிறது, முதல் தடவைக்கு அதுவே போதும்.

ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். நீர்மோர் பதம். இதுதான் ரகசியம். தொடங்குகிறவர்கள் எல்லோரும் தயிர் பதத்தில் கரைத்து ஒரே பூச்சில் வெள்ளையாக்கப் பார்ப்பார்கள். தடியாக அடித்தது காய்ந்ததும் பொருக்குத் தட்டி உதிரும், அதுதான் சட்டையில் ஒட்டுவது. நீர்மோர் பதத்தில் மூன்று பூச்சு அடித்தால் ஒட்டாது. ஒரு கைப்பிடி உப்பு, கொஞ்சம் அரிசிக்கஞ்சி அல்லது வச்சிரப்பசை சேர்த்தால் பிடிப்பு கூடும். ஒரு சிட்டிகை நீலம் போட்டால் மஞ்சள் சாயல் போய்ப் பளிச்சென்று இருக்கும். அடிப்பதற்கு முன் சுவரைத் தென்னை மட்டையால் தேய்த்து, உதிர்வதை உதிர்த்துவிட்டு, தண்ணீர் தெளித்து நனையுங்கள். காய்ந்த சுவர் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுச் சுண்ணாம்பைப் பொடியாக வெளியே தள்ளிவிடும்.

அடித்த உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏமாற்றிவிட்டான் வாத்தியார் என்று தோன்றும். பழைய கறையெல்லாம் அப்படியே தெரியும், சுவர் ஈரமாக மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் இன்னும் ஒரு கை அடிக்கலாமா என்று மனசு துடிக்கும். துடிக்கட்டும். டீ குடிக்கப் போய்விடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் சுவர் வெளுக்கத் தொடங்கியிருக்கும். மறுநாள் இன்னும் வெளுக்கும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. நாம் தூங்கும்போதும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

எமல்ஷன் பெயின்ட் ஏற்கெனவே அடித்த சுவரில் இது ஒட்டாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய பெயின்டைச் சுரண்டித்தான் ஆகவேண்டும். சுரண்டும்போது சுவரை நனைத்துக்கொள்ளுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும்; அந்தத் தூசு பிள்ளைகளுக்கு ஆகாது.

நிறம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கதை. என்னிடம் படித்த ஒரு பையன், கெட்டிக்காரன், மஞ்சள் சுவர் வேண்டுமென்று வீட்டு மஞ்சள்தூள் அரைக் கிலோவைச் சுண்ணாம்பில் கொட்டிக் கலக்கினான். கலக்கக் கலக்க வாளி சிவந்துகொண்டே போனது. அலறியடித்துக்கொண்டு வந்தான். ஆரத்தி கரைப்பதை வருஷம் முழுக்கப் பார்த்து வளர்ந்த பிள்ளை! மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவன் பாட்டியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சிவப்பையே அடித்துத் தொலை என்றேன். அடித்தான். வெயில் பட்ட பக்கமெல்லாம் ஒரு மாதத்தில் வெளிறிப்போய், திட்டுத்திட்டாகத் தேமல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நிறத்துக்குக் காவிக்கல் பொடியோ மஞ்சள் ஆக்சைடோதான் நிற்கும். அவை மண். மண்ணுக்கு வெயில் புதிதல்ல. முதலில் ஒரு மூலையில் சாண் அகலம் அடித்துக் காயவிட்டுப் பாருங்கள், ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் பாதியாகிவிடும்.

நம் ஆட்கள் பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்துக் காவிப்பட்டை போடுவார்கள். இங்கே ஓணத்துக்குச் சுவரைத் தொடாமல் முற்றத்தில் பூக்களம் போடுகிறார்கள். என் ஊகம் ஒன்று சொல்கிறேன், தவறாகவும் இருக்கலாம். ஓணம் வருவது ஈரக்காலத்தில். அப்போது சுவரில் எதுவும் காயாது. பத்து நாளில் வாடிப்போகிற பூவுக்கு அந்தக் கவலை இல்லை. பொங்கல் வருவது மழை ஓய்ந்த பிறகு, சுண்ணாம்பு காயும் காலத்தில். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துத்தான் அலங்காரத்தைத் தீர்மானித்திருக்கிறார்கள். அந்தப் பூவில் ஒரு பங்கு எங்கள் தோவாளைச் சந்தையிலிருந்து லாரி ஏறி வருகிறது என்பதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்து ஜன்னல். திரைச்சீலைக்குக் கடையில் கேட்கும் விலையைக் கேட்டுத் திரும்பி வந்திருப்பீர்கள். வீட்டில் பெட்டிக்குள் மடித்து வைத்த பழைய எட்டு முழ வேட்டி இருக்கும், கசவுக் கரை போட்டது. கல்யாணத்துக்குக் கட்டியது, இப்போது இடுப்புக்குப் பற்றாதது. அதை எடுங்கள். பாலராமபுரத்து நெசவாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த நெசவுக்காரர்களின் முன்னோர் சாலியர்கள், பாலராமவர்மா மகாராஜா காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள். ஆக அந்த வேட்டியும் நம்மைப் போலத்தான், கொஞ்சம் தமிழ் கொஞ்சம் மலையாளம்.

எட்டு முழ வேட்டி நீளம் ஏறக்குறைய நான்கு மீட்டர், அகலம் ஒன்றேகால் மீட்டர். முதலில் துவைத்துச் சுருங்குவது சுருங்கட்டும். நீளத்தின் நடுவே குறுக்காக வெட்டினால் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜன்னல் நாலடி அகலம் என்று வையுங்கள். இரண்டு துண்டும் சேர்ந்தால் எட்டடிக்கு மேல் அகலம், அதாவது ஜன்னலைப் போல் இரண்டு மடங்கு. திரைச்சீலைக்கு அந்த இரண்டு மடங்குதான் கணக்கு. குறைந்தால் துண்டைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கும், கொசுவம் விழாது. கரை வேட்டியின் நீளவாக்கில் ஓடுவதால் இங்கே நெட்டுக்குத்தாக இரண்டு ஓரமும் பொன்கோடாக இறங்கும். தையல்காரர் யோசித்துச் செய்ததுபோல் இருக்கும், நாம் ஒன்றும் செய்யவில்லை.

கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு நேராக அடிக்காதீர்கள். அரை அடி மேலே, இரண்டு பக்கமும் அரை அடி தள்ளி அடியுங்கள். திரையை ஒதுக்கும்போது முழு ஜன்னலும் திறந்து வெளிச்சம் முழுதாக வரும். ஜன்னலும் பெரியதாகத் தோன்றும். கீழே தரையைத் தொடவிடாதீர்கள், மழைக்காலத்தில் தரை ஈரத்தை அது குடிக்கும். ஜன்னல் திண்டுக்கு அரை அடி கீழே நிறுத்தினால் போதும். மிச்சம் வரும் துண்டில் திரையைக் கட்டிவைக்கும் பட்டையும், அடுப்பில் பாத்திரம் இறக்கும் பிடிதுணியும் ஆகும்.

இனிப் படம் மாட்டுவது. இதில் எல்லா வீட்டிலும் ஒரே தப்பைப் பார்க்கிறேன். கல்யாணப் போட்டோ உத்தரத்துக்குக் கீழே கூரையை முட்டிக்கொண்டு இருக்கும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். நின்று பார்க்கும் இடத்தில் படத்தின் நடுப்பகுதி கண் மட்டத்துக்கு, தரையிலிருந்து கிட்டத்தட்ட ஐந்தடிக்கு வரவேண்டும் என்று வெளிநாட்டு அலங்காரப் புத்தகங்கள் சொல்லும். அது சோபாவில் உட்காருகிறவர்கள் வீட்டுக்கு. நாம் தரையில் பாய் விரித்து உட்காருகிறோம், படுத்துக்கொண்டு பேசுகிறோம். உட்காரும் அறையில் மூன்றரை அடியில் மாட்டிப் பாருங்கள். படத்திலிருக்கும் தாத்தா நம் கூடவே உட்கார்ந்திருப்பார்.

ஆணி அடிப்பதுதான் சங்கடம். வெட்டுக்கல் சுவரில் ஆணி அடித்தால் கல் பொடிந்து குழி பெரியதாகும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரரின் பூச்சு உதிரும், நடுவில் அவ்வளவுதான் சுவர். பத்துப் படத்துக்குப் பத்து ஆணி வேண்டாம். மூன்று அங்குல அகலத்தில் ஒரு மரப்பட்டை, அயனி என்று நாங்கள் சொல்கிற ஆஞ்ஞிலி, அல்லது தென்னஞ்சட்டம். நான்கே இடத்தில் துளைபோட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, திருகாணியால் சுவரில் படுக்கையாகப் பொருத்துங்கள். பிறகு படம், கூடை, பிள்ளையின் பள்ளிப் பை, சாமி காலண்டர் எல்லாம் எஸ் மாதிரி வளைத்த கம்பியில் அந்தப் பட்டையிலேயே தொங்கும். மாற்றவேண்டுமென்றால் நகர்த்தினால் போதும். மண்சுவரானால் சுவரையே தொடாமல் மேலே உத்தரத்திலிருந்து கயிறு விட்டுப் பட்டையைத் தொங்கவிடுங்கள். ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பதப்படுத்தாத பலகையை மட்டும் வாங்காதீர்கள். ஆறு மாதத்தில் வண்டு துளைத்து மாவு கொட்டும்.

பக்கத்துப் போணக்காட்டுத் தேயிலைத் தோட்டம் என்றால் வெளியூர்க்காரர்கள் பேய் பங்களாவைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பக்கத்தில் லயங்களில் உயிரோடு மனிதர்கள் இருக்கிறார்கள், தோட்டம் பல வருஷமாகத் தடுமாறுகிறது, கூரை ஒழுகுகிறது என்பதெல்லாம் அவர்கள் எடுக்கும் வீடியோக்களில் வராது. அங்கே ஒரு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒற்றை அறை. சுவரில் ஒரே ஒரு பட்டை, அதில் ஏழு டம்ளர், ஒரு கண்ணாடி, ஒரு சின்ன வட்டி நிறையக் கனகாம்பரம். அந்த அறைக்கு அதுவே அலங்காரம். ஆனால் ஒழுகும் கூரையைச் சரிசெய்து தரச் சொல்வது உங்கள் உரிமை, அதற்குரிய இடத்தில் கேளுங்கள். அலங்காரம் பேசவந்தவன் அதை மறைக்க வழி சொல்லித்தரமாட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்ட கூரையானால் அதில் துளைபோடுவதும் தேய்ப்பதும் வேண்டாம். அந்த இழைத் தூசு நுரையீரலுக்கு விஷம்.

சின்ன வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், மணி ஆகிறது.

ஈற்றை வட்டியைக் கவிழ்த்து உள்ளே ஒரு விளக்கு தொங்கவிட்டால் முடைச்சலின் நிழல் நாலு சுவரிலும் கோலம் போடும். ஐந்தாறு வாட் எல்இடி பல்புதான் போடவேண்டும், பழைய குண்டு பல்பின் சூட்டில் ஈற்றை கருகும். வயரும் ஹோல்டரும் சேர்ந்து தயாராகக் கிடைப்பதை வாங்குங்கள். சுவருக்குள் போகும் வயரில் கை வைப்பது எலக்ட்ரீஷியன் வேலை. மணிபிளான்ட்டைப் பாட்டிலில் வளர்க்கிறவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி மாற்றவேண்டும். இல்லாவிட்டால் வளர்வது செடி இல்லை, டெங்குக் கொசு. ரப்பர் கொட்டையை நீங்கள் எல்லோரும் சின்ன வயதில் கல்லில் உரசிப் பக்கத்துப் பையன் கையில் சூடு வைத்திருப்பீர்கள். அதையே துளையிட்டுச் சரமாகக் கோத்து வாசலில் தொங்கவிட்டால் சிறுத்தைத்தோல் மாதிரிப் புள்ளிபுள்ளியாக அழகுதான். ஆனால் உள்ளே பருப்பு விஷத்தன்மை உள்ளது, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். சிவப்புக் காவித்தரை மங்கிப்போயிருந்தால் டைல்ஸ் போட ஓடாதீர்கள். நன்றாகக் கழுவிக் காயவிட்டு, துணியில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு உலரத் தேய்த்தால் முகம் தெரியும். நாலு சொட்டு என்றால் நாலு சொட்டு. எண்ணெய் கூடினால் வழுக்கும், வயதானவர்கள் இடுப்பெலும்பு போய்விடும்.

பிளாஸ்டிக் பூவைப் பற்றிக் கேட்டால், இவ்வளவு பச்சையான ஊரில் அதை வாங்கி வைக்கிறவரிடம் எனக்குப் பேச எதுவுமில்லை.

கடைசியாகச் சிரட்டை. தேங்காய்க்கு மூன்று கண். இரண்டு கல் மாதிரி இருக்கும், ஒன்று மட்டும் மெல்லியது. முளை வெளியே வரும் வழி அது. குச்சியால் குத்தினாலே திறந்துகொள்ளும். கண் இருக்கும் பாதியை எடுத்து அந்த ஓட்டையைத் திறந்தால், தொட்டிக்குத் தண்ணீர் வடியும் துளை தேங்காயே போட்டுக் கொடுத்துவிட்டது. மேலே இருக்கும் நாரை ஒடிந்த ரம்பத் துண்டால் சுரண்டுங்கள். பிறகு உப்புத்தாள், முதலில் எண்பதாம் நம்பர், அப்புறம் நூற்றிருபது, கடைசியில் இருநூற்றிருபது. அவசரக்காரர்கள் நேராக இருநூற்றிருபதுக்குப் போவார்கள். கீறல் அப்படியே நிற்கும். ஒவ்வொரு நம்பரிலும் முந்தைய கீறல் மறையும்வரை தேயுங்கள். கடைசியில் விரலால் தேங்காயெண்ணெய் தடவினால், அதுவரை மண் நிறத்தில் சோர்ந்து கிடந்தது திடீரென்று கறுப்பும் தவிட்டு நிறமுமாக வரியோடி மின்னும். நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், அந்த ஒரு நொடிக்கு எந்தப் பிள்ளையும் சிரிக்காமல் இருந்ததில்லை.

இப்போது துலாவர்ஷம் வரப்போகிறது. சுவரைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் பையை ஒட்டிப் பார்ப்பதும், சுவரடி மண்ணை இழுப்பதும் இந்த மாதத்து வேலை. மார்கழிக் கடைசியில் சுண்ணாம்பு. அதற்கு வாளியும் மட்டையும் நானே கொண்டுவருகிறேன். முதல் சுவராக இந்த வாசகசாலையின் வடக்குச் சுவரை அடித்துப் பழகலாம் என்று நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறேன், சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.

பின்பக்க மேசையில் முப்பது சிரட்டை வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளும் கூடவே இருக்கிறது, மூன்று நம்பரிலும் ஒரு துண்டு. ரம்பத் துண்டு மட்டும் ஆறுதான் இருக்கிறது, அதை வேலை முடிந்ததும் இங்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.